எல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது: இணைய விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய விளையாட்டு நிறுவனங்களில் கணக்குப் பாதுகாப்பு, மோசடித் தடுப்பு, வாடிக்கையாளர் உதவி ஆகிய பிரிவுகளில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுக் கணக்குகளும் அவற்றில் இருக்கும் பொருள்களும் திருடு போவதைப் பற்றி, அதை நீங்களே கண்டுபிடிக்க முடியும் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

2022 மார்ச் 23ஆம் தேதி, ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் பணப் போக்குவரத்தைத் தாங்கி நின்ற ரோனின் வலையமைப்பில் இருந்து 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் வெளியே போயின. இரண்டும் கிரிப்டோ நாணயங்கள். திருட்டு வெளியே தெரிந்த நாளின் விலையில் 60 கோடி டாலருக்கு மேல். பணம் வெளியேற ஒப்புதல் தரும் கணினிகள் மொத்தம் ஒன்பது. அதில் ஐந்து தலையாட்டினால் போதும் என்பது ஏற்பாடு. அந்த ஐந்தின் சாவிகளும் திருடர்கள் கையில் இருந்தன. ஆகவே பரிவர்த்தனை ஏட்டைப் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்த மாதிரியே இருந்தது. பின்னால் இது வட கொரியாவின் லாசரஸ் கும்பல் செய்த வேலை என்று எஃப்பிஐ அறிவித்தது. அது உங்களுக்கும் தெரிந்த கதை.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. திருட்டு வெளியே தெரிந்தது 29ஆம் தேதி. ஒருவர் தன்னுடைய 5,000 ஈதரை எடுக்கப் போனார், வரவில்லை, புகார் செய்தார். அதன் பிறகுதான் நிறுவனம் பெட்டியைத் திறந்து பார்த்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது ஏட்டில் அத்தனை பெரிய ஓட்டை ஆறு நாளாக இருந்திருக்கிறது. கண்டுபிடித்தது நிறுவனத்தின் கண்காணிப்பு இல்லை. தன் காசு வராமல் தவித்த ஒரு பயனர்.

நான் சென்னையில் ஒரு வங்கியின் மோசடிக் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க என் திரையில் ஓடுவது அலர்ட்டுகள்தான். இன்னாருடைய கணக்கில் இருந்து வழக்கத்துக்கு மாறாகப் பணம் போகிறது, பார், நிறுத்து, கூப்பிட்டுக் கேள். விளையாட்டு என் துறை இல்லை. அக்கா மகனுடைய கணக்கு பறிபோனபோது உங்கள் உலகத்துக்குள் எட்டிப் பார்க்க நேர்ந்தது. பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், பொறாமையாக இருந்தது. எங்களுக்குக் கிடைக்காத வசதியெல்லாம் உங்களுக்கு இருக்கிறது.

வங்கிப் பணம் ஒருமுறை ஏடிஎம் வாசலைத் தாண்டிவிட்டால் எங்கள் கதை முடிந்தது. ஐநூறு ரூபாய்த் தாளாக மாறிய பிறகு அது யார் பையில் இருக்கிறது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. உங்களுடைய பொருளுக்கு அப்படி வெளியேறும் வாசலே கிடையாது. வாளோ, சட்டையோ, தங்கக் காசோ, அது இருப்பதெல்லாம் உங்கள் சர்வரில் மட்டும். திருடிய நகையை ஆசாரியிடம் கொடுத்து உருக்கிவிடலாம். உங்கள் ஊரில் ஆசாரியும் நீங்கள்தான், அடகுக்கடையும் நீங்கள்தான். யார் கையில் இருந்து யார் கைக்கு, எந்த நொடியில், எந்த சாதனத்தில் இருந்து, எந்த ஐபி முகவரியில் இருந்து என்று ஒவ்வொரு அசைவும் பதிவாகிறது.

கவுன்டர் ஸ்டிரைக் விளையாட்டில் ஒரு துப்பாக்கி ஸ்கின்னை, அதாவது துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத் தோற்றத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு தேய்ந்தது என்பதைக் காட்ட 0க்கும் 1க்கும் நடுவே பல தசம இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அதற்கு உண்டு, ஃப்ளோட் என்பார்கள். அதன் மேல் விழுந்திருக்கும் வடிவத்துக்குத் தனியாக ஓர் எண். கை மாறினாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை. விலை உயர்ந்த கத்தி ஒன்று திருடு போனால் அது இப்போது எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று வெளியாட்கள் நடத்தும் தளங்களிலேயே தேடிப் பிடிக்கிறார்கள், அந்தக் கணக்கின் பொருள் பெட்டகம் பொதுப் பார்வைக்குத் திறந்திருந்தால். வெளியில் இருப்பவருக்கே இவ்வளவு தெரியும்போது உள்ளே இருக்கும் உங்களுக்குத் தெரியாதா?

சரி, பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிவது ஒன்று, அது திருட்டுதான் என்று தெரிவது வேறு. அங்கேதான் சிக்கல் என்று சொல்வீர்கள். பார்ப்போம்.

திருடன் விளையாடுவதில்லை. என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். கணக்கின் சொந்தக்காரர் உள்ளே வந்தால் நண்பர்கள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார், ஒரு ஆட்டம் ஆடுவார், சும்மா சுற்றுவார். திருடன் நேராகப் பெட்டகத்துக்குப் போகிறான். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி விளையாட்டுகளில் கணக்கு பறிபோனவர்கள் சொல்லும் கதைகளெல்லாம் ஒரே அச்சு: உடம்பில் போட்டிருந்த கவசம் வரை கழற்றிக் கடைக்காரனுக்கு விற்றிருப்பான், வந்த தங்கத்தை அஞ்சலில் வேறொரு கணக்குக்கு அனுப்பியிருப்பான், கில்டு எனப்படும் ஆட்டக்காரர் குழுவின் பொதுப் பெட்டகத்தையும் சேர்த்துத் துடைத்திருப்பான். விளையாட நினைக்கிற எவனும் தன் கவசத்தை அடிமாட்டு விலைக்கு விற்கமாட்டான். புதிய சாதனம், புதிய ஊர், கடவுச்சொல் மாற்றம், உடனே பெட்டகம் காலி, பெற்றவர் முன்பின் பழக்கமில்லாத கணக்கு. வங்கியில் இந்த ஐந்தில் மூன்று சேர்ந்து வந்தாலே நாங்கள் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுவோம்.

கொஞ்சம் சாமர்த்தியமான திருட்டும் இருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக் போன்ற விளையாட்டுகளுக்கான ஸ்டீம் தளத்தில் நடக்கும் ஏபிஐ கீ மோசடியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்துத் திருடர்கள் இவ்வளவு யோசிப்பதில்லை. "என் டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு" என்று நண்பன் பெயரில் ஒரு சுட்டி வருகிறது. ஸ்டீம் மாதிரியே இருக்கும் போலிப் பக்கத்தில் பையன் தன் கடவுச்சொல்லைக் கொடுக்கிறான். திருடன் அன்று எதையும் தொடுவதில்லை. அந்தக் கணக்கின் பெயரில் ஒரு ஏபிஐ கீயை உருவாக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். இது நிரல்கள் கணக்கோடு பேசுவதற்கான சாவி. கணக்கில் வந்து போகும் பரிமாற்றக் கோரிக்கைகளை அதன் வழியாகப் பார்க்கலாம், ரத்தும் செய்யலாம். ஒரு நாள் பையன் தன் கத்தியை யாருக்கோ அனுப்பக் கோரிக்கை போடுகிறான். அடுத்த சில நொடிகளில் திருடனுடைய நிரல் அதை ரத்து செய்கிறது. பெறவேண்டியவரின் பெயரையும் முகப்புப் படத்தையும் அப்படியே நகல் எடுத்துப் போட்டுக்கொண்ட ஒரு கணக்குக்கு அதே கத்தியை வைத்துப் புதிய கோரிக்கை கிளம்புகிறது. கைபேசியில் "உறுதி செய்யவா?" என்று கேட்கும். பெயர் சரி, படம் சரி, பொருளும் சரி. பையனே தன் கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்துவிடுகிறான்.

இரட்டை அடையாளச் சோதனை எல்லாம் தாண்டித்தான் இது நடக்கிறது. ஆனால் உங்கள் பதிவேட்டில் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். கோரிக்கை போனது வீட்டுக் கணினியில் இருந்து. ரத்தானது வேறு எங்கோ இருக்கும் சர்வரில் இருந்து. மறு கோரிக்கை, அதே பொருள், சில நொடி இடைவெளி. பெற்ற கணக்கு சற்று முன்புதான் பெயரும் படமும் மாற்றியது. இதை மனிதன் உட்கார்ந்து ஆராய வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த சாதாரண விதிகளிலேயே இது மாட்டும்.

ஆகவே உங்களால் முடியாது என்று யாரும் சொல்லக் கேட்டால் நான் நம்பமாட்டேன். நீங்களே வேறு இடங்களில் செய்து காட்டியிருக்கிறீர்கள். தானாகவே குறிபார்த்துச் சுடும் எய்ம்பாட் நிரலைப் போட்டு ஆடுபவனைப் பிடிக்கிறீர்கள். விளையாட்டுத் தங்கத்தைச் சேர்த்து நிஜக் காசுக்கு விற்கும் கும்பல்களைப் பிடிக்க, யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று வலைப்படம் போட்டு அலசுகிறீர்கள். எவர்குவெஸ்ட் 2 விளையாட்டின் பதிவுகளை நிறுவனத்திடமே வாங்கி, தங்கம் விற்கும் கும்பல்களின் பரிமாற்ற வலையைப் போதைக் கடத்தல் கும்பலின் வலையோடு ஒப்பிட்டு 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் குறுக்கு வழியில் இரண்டாக்கும் டூப்பிங் நடந்தால், சந்தையில் திடீரென்று தங்கம் பெருகுவதை வைத்தே மோப்பம் பிடித்து, சில சமயம் சர்வரையே பழைய நேரத்துக்குத் திருப்பிவிடுகிறீர்கள். இதெல்லாம் உங்கள் பொருளாதாரத்தைக் கெடுக்கிற விஷயங்கள். என் வாள் உன்னிடம் போனால் மொத்தக் கணக்கில் ஒரு வாள் ஒரு வாளாகவே இருக்கிறது. உங்களுக்கு நஷ்டம் இல்லை. பறிகொடுத்தவன் மறுபடி காசு போட்டு வாங்கினால் லாபம் என்றுகூடச் சொல்லலாம். கெட்ட எண்ணம் என்று குற்றம் சாட்டவில்லை. அலர்ட் எங்கே வைப்பது என்பதை எப்போதும் நஷ்டம் யாருக்கு என்பதுதான் முடிவு செய்கிறது. வங்கிகளும் அப்படித்தான் இருந்தன. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நஷ்டம் நிறுவனத்துக்கு என்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஸிங்கா என்ற விளையாட்டு நிறுவனத்தின் வழக்கு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் அந்த நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்து 40,000 கோடி போக்கர் சிப்புகளை எடுத்து வெளியே விற்க ஆரம்பித்தார். எல்லாம் வெறும் எண்கள். நிறுவனம் கண்டுபிடித்தது, போலீஸுக்குப் போனது, 2011இல் எக்ஸிட்டர் நீதிமன்றத்தில் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை. சிப்புகளின் மதிப்பு சுமார் 70 லட்சம் பவுண்டு என்று அங்கே சொல்லப்பட்டது. இந்தத் துறையின் பயனர் ஒப்பந்தங்களைப் பிரித்துப் பாருங்கள்: மெய்நிகர் பொருள்களுக்குப் பண மதிப்பு கிடையாது, பயனருக்கு அவற்றில் உரிமை கிடையாது, பயன்படுத்த அனுமதி மட்டுமே என்று எழுதியிருக்கும். உங்கள் பெட்டகத்தில் இருந்து போனால் 70 லட்சம் பவுண்டு, எங்கள் பெட்டகத்தில் இருந்து போனால் ஒன்றுமில்லையா?

அக்கா மகன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறான், திண்டுக்கல். கைபேசியில் ஆடும் சண்டை விளையாட்டு ஒன்று. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வகை விளையாட்டில் பொருளைத் தனியாகக் கைமாற்ற முடியாது, அதனால் திருடர்கள் கணக்கையே தூக்குகிறார்கள். பையன்கள் பாஷையில் "ஐடி போயிடுச்சு". பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் போட்டு வாங்கிய ஸ்கின்கள் அதில் இருந்தன. இலவச டைமண்ட் என்று வந்த சுட்டியை அழுத்தினான். அது அவன் தப்பு என்று அவனுக்கே தெரியும், அவன் அம்மாவிடம் வாங்கவேண்டியதை வாங்கியும் விட்டான். ஆனால் அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இணைத்திருந்த மின்னஞ்சலைத் திருடன் மாற்றியிருந்தான். உதவிப் பிரிவுக்கு எழுதினோம். கணக்கு தொடங்கிய மாதம், பழைய கைபேசியின் மாடல், முதல் டாப்-அப்பின் கூகுள் பிளே ரசீது, எல்லாம் கொடுத்தோம். கணக்கின் பாதுகாப்பு பயனரின் பொறுப்பு என்று ஒரு பதில், புகார் முடித்து வைக்கப்பட்டது என்று ஒரு பதில். இரண்டும் அச்சடித்த வாசகங்கள். அன்று இரவு அவன் தன் நண்பனுடைய கைபேசியைக் காட்டி, "மாமா, என் ஐடி ஆன்லைன்ல இருக்கு பாரு, வேற எவனோ ஆடறான்" என்றான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் அதே ஐடி விற்பனைக்கு வந்தது, ஸ்கின்களின் படங்களோடு, அவன் வைத்த பட்டப்பெயரோடு.

பல வருடமாக ஒரே கைபேசியில், ஒரே ஊரில், பள்ளி விட்ட நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த கணக்கு ஒரே நாளில் மின்னஞ்சல் மாறி, கைபேசி மாறி, ஊர் மாறி, ஆடும் நேரமும் மாறியிருக்கிறது. பழைய மின்னஞ்சலில் இருந்து அன்றைக்கே ஒருவர் கத்துகிறார். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. புகார் செய்பவர் எல்லாரும் பறிகொடுத்தவர் இல்லை. ஐடியை நாலாயிரம் ரூபாய்க்கு விற்றுவிட்டு, காசு கைக்கு வந்ததும் திருட்டுப் போய்விட்டது என்று அழுபவன் உண்டு. அண்ணன் தம்பி சண்டையில் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது உண்டு. விளையாட்டை விட்டுப் போகிறவர் எல்லாவற்றையும் நண்பனுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். பார்க்க அது அப்படியே திருட்டு மாதிரி இருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரியாமல் மூன்றாம் கையில் நல்ல விலை கொடுத்து வாங்கியவர் இருப்பார். பிடுங்கினால் அவருக்கு அநியாயம். வங்கியிலும் இந்த நால்வரும் எங்கள் மேசைக்கு வருகிறார்கள், பெயர்தான் வேறு.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு மாதிரி இடத்தில் திருட்டே ஆட்டத்தின் பகுதி. 2005இல் ஆட்டக்காரர்களின் கூலிப்படைக் கூட்டம் ஒன்று, தான் குறிவைத்த இன்னொரு ஆட்டக்காரர் குழுவுக்குள் மாதக்கணக்கில் விசுவாசமான ஆளாக நடித்துப் புகுந்து, ஒரே நாளில் கிடங்குகளைக் காலி செய்து தலைவியின் கப்பலையும் தகர்த்தது. விளையாட்டை நடத்தும் நிறுவனம் தலையிடவில்லை, தலையிடவும் கூடாது. அதைப் படிக்க எனக்கே ஜாலியாகத்தான் இருந்தது. அங்கே ஏமாந்தவர் ஆட்டத்துக்குள், ஆட்டத்தின் விதிப்படி ஏமாந்தார். கடவுச்சொல்லைத் திருடி உள்ளே வருகிறவன் ஆட்டக்காரனே இல்லை. இந்த எல்லைக்கோட்டை உங்கள் விதிப்புத்தகத்தில் நீங்களே போட்டு வைத்திருக்கிறீர்கள், ஆகவே குழப்பம் என்று சொல்ல இடமில்லை.

பொய்ப் புகார் பயத்துக்கு வழி இருக்கிறது என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் காட்டியிருக்கிறது, கொஞ்சம் தாமதமாக. 2015 டிசம்பரில் அவர்கள் வெளிப்படையாக ஒரு எண்ணைச் சொன்னார்கள்: மாதம் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுகின்றன. அதுவரை பறிகொடுத்தவருக்கு அதே பொருளின் நகலைச் செய்து கொடுத்துவந்தார்கள். நகல் பெருகப் பெருக அரிய பொருளின் விலை எல்லாருக்கும் சரிந்தது. அதனால் கைபேசியில் உறுதிசெய்யும் முறையையும், அது இல்லாதவர்களின் பரிமாற்றத்தைச் சில நாள் நிறுத்திவைக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் இன்னொரு படி: கவுன்டர் ஸ்டிரைக் 2 பொருள் கை மாறிய பிறகு ஏழு நாள் வரை பரிமாற்றத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் திருப்புகிறவர் தனக்குப் பிடிக்காத ஒன்றை மட்டும் பொறுக்கித் திருப்ப முடியாது. அந்த ஏழு நாளில் செய்த அனைத்தும் திரும்பும், அதன் பிறகு 30 நாள் அவர் வாங்கவும் விற்கவும் முடியாது. பாருங்கள், எவ்வளவு அழகான பூட்டு இது! உண்மையாகப் பறிகொடுத்தவருக்கு 30 நாள் ஒரு பொருட்டே இல்லை. விற்றுவிட்டு ஏமாற்ற நினைப்பவனுக்கு ஒரு தடவை செய்தால் ஒரு மாதம் கடை மூடல். மூன்றாம் கைக்குப் பொருள் போகவே ஏழு நாள் ஆகும் என்பதால் அப்பாவி வாங்குபவர் பிரச்சினையும் பெரிதும் குறைகிறது. பத்து வருடம் முன்பே இது வந்திருக்கலாம்.

நீதிமன்றங்கள் உங்களைவிட முன்னால் போய்க்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003இல் பெய்ஜிங்கில் ரெட் மூன் விளையாட்டுக்காரர் ஒருவர் தன் ஆயுதங்களைப் பறிகொடுத்தார். எடுத்தது யார் என்று நிறுவனத்தைக் கேட்டார். இன்னொரு பயனரின் விவரத்தைச் சொல்ல முடியாது என்றார்கள். போலீஸும் கைவிரித்தது. நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார். சாவ்யாங் மாவட்ட நீதிமன்றம் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இரண்டு வருடம் கழித்து அதே நாட்டில், ஷாங்காயில், இரவல் கொடுத்த மெய்நிகர் வாளை நண்பன் 7,200 யுவானுக்கு விற்றுவிட்டான் என்று ஒருவர் போலீஸுக்குப் போனார். அது சொத்தே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் அந்த நண்பனைக் கொலை செய்தார். கொலைக்கு நியாயம் கற்பிக்கவில்லை, புகாரை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இல்லாமல் போனால் சங்கதி எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சொல்கிறேன். இன்று சீனாவின் சிவில் சட்டத்தொகுப்பில் மெய்நிகர் சொத்து என்று பெயர் சொல்லியே ஒரு பிரிவு இருக்கிறது.

நெதர்லாந்தில் 2007இல் 13 வயதுப் பையன் ஒருவனை இரண்டு பையன்கள் அடித்து, உதைத்து, கத்தியைக் காட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் பறித்தார்கள். வெறும் மின்துகள்கள்தானே, இது எப்படித் திருட்டாகும் என்று பறித்தவன் தரப்பு வழக்கறிஞர் கேட்டார். 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: பையன் நேரமும் உழைப்பும் போட்டிருக்கிறான், பொருள் அவன் ஆளுகையில் இருந்தது, இப்போது இல்லை, ஆகவே திருட்டு. அவர்களுக்கு இது புதிதும் இல்லை. 1921இலேயே, மீட்டர் ஓடாமல் தடுத்து மின்சாரம் எடுத்த ஹேக் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் வழக்கில், கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தையும் திருடலாம் என்று தீர்ப்பு எழுதியவர்கள் அவர்கள். நம் உச்ச நீதிமன்றம் 1964இல் கொஞ்சம் வேறு வழியில் போனது: மின்சாரம் இந்திய தண்டனைச் சட்டம் சொல்லும் அசையும் பொருள் அல்ல, மின்சாரச் சட்டம் தனியாகச் சொல்வதால்தான் அதை எடுப்பது திருட்டு என்றது. பழைய தண்டனைச் சட்டத்தில் அசையும் பொருள் என்றால் உருவம் உள்ள பொருள் என்று நிபந்தனை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த நிபந்தனை இல்லை. நிலத்தையும் நிலத்தோடு ஒட்டியதையும் தவிர எல்லா வகைச் சொத்தும் அடங்கும். மெய்நிகர் வாளுக்கும் கதவு திறந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். அதுகூட வேண்டாம், பிறருடைய கடவுச்சொல்லைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆனால் இந்தியாவில் பறிகொடுத்தவர் எங்கே முட்டி நிற்கிறார் தெரியுமா? சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண் பணத்துக்காக அமைந்தது. எந்த வங்கி, பரிவர்த்தனை எண் என்ன, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற சங்கிலியைப் பிடித்துப் போய் முடக்குவதுதான் அதன் வேலை. சீக்கிரம் கூப்பிட்டால் நன்றாகவே வேலை செய்கிறது, நான் தினமும் பார்க்கிறேன். ஐடி திருட்டில் பரிவர்த்தனை எண் இல்லை. பணம் முறைப்படி எப்போதோ உங்களுக்கு வந்துவிட்டது. போனது பொருள், அந்தப் பொருளின் சங்கிலி உங்கள் சர்வரில் மட்டும் இருக்கிறது. நல்ல மனதுள்ள ஒரு சைபர் கிரைம் உதவி ஆய்வாளர் எழுதிக் கேட்டாலும், நீங்கள் பதில் போடாதவரை அவர் கையில் ஒன்றுமே இல்லை. திருட்டைக் கண்டுபிடிக்கும் வேலை சட்டப்படி போலீஸுடையது என்றாலும் நடைமுறையில் உங்களுடையது.

வங்கிகளும் ஒரு காலத்தில் "உங்கள் கடவுச்சொல், உங்கள் பொறுப்பு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் அவர் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டம் பூஜ்ஜியம். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையை அவர் கணக்கில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் வங்கியின் தலையில். இந்தக் கடைசி வரிதான் எங்கள் பிரிவுக்குச் சோறு போடுகிறது. நஷ்டம் எங்கள் பக்கம் வந்ததும் அலர்ட்டுகள் தானாக முளைத்தன.

அதே மாதிரி ஒரு கட்டளை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். மின்னஞ்சலோ சாதனமோ மாறினால் சில நாளுக்குப் பெட்டகத்தைப் பூட்டுங்கள். புதிதாக யுபிஐ பதிவு செய்தவர் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, யாரும் செத்துப்போகவில்லை. இணைத்த மின்னஞ்சலை மாற்றும்போது பழைய மின்னஞ்சலுக்கு ஒரு "நான் இல்லை" பொத்தானை அனுப்புங்கள். அதை அழுத்தினால் கணக்கு உறைந்துவிட வேண்டும், யார் சொந்தக்காரர் என்ற பஞ்சாயத்து அப்புறம். என் பொருள் எப்போது, எந்த ஊரில் இருந்து, யாருக்குப் போனது என்று என் கணக்கில் நான் பார்க்க வழி செய்யுங்கள். பெற்றவரின் பெயர் வேண்டாம், ஒரு எண் போதும், அதை வைத்து நான் போலீஸில் புகார் எழுதுவேன். போலீஸ் கேட்கும்வரை அந்தப் பதிவுகளை அழிக்காதீர்கள். புகாரை முடித்து வைப்பதாக இருந்தால் எந்தக் காரணத்தால் நம்பவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், அச்சு வாசகம் வேண்டாம்.

2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்தபோது, காசு கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன், பொருள் எல்லாம், நிஜமோ மெய்நிகரோ, பந்தயப் பொருள் ஆகலாம் என்று வரையறை எழுதியது. சூதாட்டத்தில் வைத்தால் மதிப்பு உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்ட பொருளுக்குத் திருட்டுப் போகும்போதும் மதிப்பு உண்டு என்று அடுத்த திருத்தத்தில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நாள் வந்தால் விதிகளை எழுதப்போவது நீங்கள் இல்லை.

இதெல்லாம் நாளாகும் என்றால் இந்தக் காலாண்டில் இருந்தே ஒன்று மட்டும் தொடங்கலாம். வால்வ் 2015இல் சொன்ன மாதிரி நீங்கள் எல்லாரும் எண்ணைச் சொல்லுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாடு வாரியாக: எத்தனை திருட்டுப் புகார் வந்தது, அதில் எத்தனை உண்மை என்று நீங்களே கண்டீர்கள், எத்தனை பேருக்குப் பொருள் திரும்பக் கிடைத்தது. புகாருக்கு முன்பாகவே உங்கள் கண்காணிப்பு பிடித்தது எத்தனை என்று நான்காவதாக ஒரு வரியும் வேண்டும். அந்த வரியில் பூஜ்ஜியம் இருந்தாலும் பூஜ்ஜியம் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
வங்கி மோசடிக் கண்காணிப்புப் பிரிவு ஊழியர் ஒருவர்,
சென்னை